கடைமடைக்குச் சூடு சேராத வீடு: பழைய தரைவெப்ப மேனிஃபோல்டு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

“சாப்பாட்டு அறையில ஃபேன் ஹீட்டர் ஓடுது, படிப்பறையில ஜன்னல் திறந்து கிடக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு சுவர்தான் தம்பி. என்ன வியாதின்னு வந்து பாருங்க.”

2023 நவம்பரில் டாக்டர், ஹீட்டிங் பழுது பார்க்கும் என்னிடம், போனில் சொன்னது இவ்வளவுதான். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர், மதுரைக்காரர். ரெடிங் நகரத்துக்கு வெளியே பெரிய வீடு. நோயாளி வாயைத் திறந்ததுமே பாதி நோய் வெளியே வந்துவிடும் என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. அவர் சொன்ன அந்த இரண்டு வாக்கியத்தில் பாதி நோய் அல்ல, முக்கால் நோய் இருந்தது. நான் காதில் வாங்கினேன், மண்டையில் ஏற்றவில்லை. அதனால் பட்ட அவமானத்தைப் பிறகு சொல்கிறேன்.

வீடு 2003-இல் கட்டியது. மாடியில் வழக்கமான இரும்பு ரேடியேட்டர்கள். கீழ்த்தளம் முழுக்கத் தரைவெப்பம், அதாவது அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கேஸ் பாய்லர். நம் ஊரில் தரை சுடுவது சித்திரை மாதத்துத் தொல்லை; இங்கே அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். டைல்ஸுக்குக் கீழே ஆறு ஏழு சென்டிமீட்டர் கனத்தில் சிமெண்ட் ஸ்க்ரீட் போட்டு, அதற்குள் 16 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாயைப் பாம்புபோல் வளைத்து வளைத்துப் புதைத்துவிடுவார்கள். குழாயில் 40 டிகிரி வாக்கில் தண்ணீர் ஓடும், தரை மெல்லச் சூடாகும். புழங்கும் அறைகளில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியையும் குளியலறையில் 33 டிகிரியையும் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தரவிதி. பாய்லரோ ரேடியேட்டருக்காக 65 டிகிரியில் தண்ணீரை அனுப்பும். எனவே தரைக்குப் போகும் முன், திரும்பி வரும் ஆறிய நீரைக் கலந்து சூட்டைக் குறைக்க ஒரு மிக்ஸிங் வால்வு, கலந்ததைத் தள்ள ஒரு பம்ப், அதை அறை அறையாகப் பிரித்துவிட ஒரு மேனிஃபோல்டு.

மேனிஃபோல்டு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் தஞ்சாவூர்ப் பாணியில்தான் சொல்வேன். அது ஒரு வாய்க்கால். ஒவ்வொரு அறையும் ஒரு வயல். வயலுக்கு ஒரு மடை. மேனிஃபோல்டில் மேலும் கீழுமாக இரண்டு உலோகக் கட்டைகள். மேல்கட்டையிலிருந்து தண்ணீர் கிளம்பி, அறையின் தரைக்குள் சுற்றிவிட்டுக் கீழ்க்கட்டைக்குத் திரும்பும்; இந்த ஒரு சுற்றுதான் லூப். மேல்கட்டையில் ஒவ்வொரு லூப்புக்கும் கண்ணாடிக்குழல் வைத்த ஃப்ளோ மீட்டர். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று அதில் தெரியும், அதைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். கீழ்க்கட்டையில் ஒவ்வொரு லூப்புக்கும் ஒரு வால்வு, வால்வுத் தலையில் ஒரு ஊசி, ஊசியின் மேல் விரல்நீள ஆக்சுவேட்டர். அறையின் தெர்மோஸ்டாட் ‘குளிருது’ என்றால் ஆக்சுவேட்டருக்கு மின்சாரம் வரும், உள்ளிருக்கும் மெழுகு சூடாகி விரியும், மூன்று நான்கு நிமிடத்தில் ஆக்சுவேட்டர் மேலே எழும்பும், ஸ்பிரிங் ஊசியை உயர்த்தும், மடை திறக்கும். மின்சாரம் நின்றால் ஊசி மறுபடி அமுங்கி மடை அடைபடும். இவ்வளவுதான் சூட்சுமம். இதில் எது முதுமை அடைகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதல் நாள் நான் பார்த்த காட்சி: மாடிப்படிக்குக் கீழே ஒரு அலமாரி. ஷூக்கள், குடைகள், ஒரு மடக்குக் கட்டில், அதற்குப் பின்னால் ஏழு லூப் பித்தளை மேனிஃபோல்டு. ஆறு லூப்போடு ஆரம்பித்து, 2005-இல் பக்கவாட்டில் படிப்பறை கட்டியபோது ஏழாவதைச் சேர்த்திருக்கிறார்கள். பெரும்பாலான கண்ணாடிக்குழல்கள் காபி டம்ளரின் அடிபோலக் கறுத்திருந்தன; உள்ளே மிதப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கட்டையின் ஒரு முனையில் காற்றுப்போக்கி, அதன் கழுத்தைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. மூன்று வேகப் பம்ப், மூன்றாம் வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது.

புகார்கள் மூன்று. சமையலறை அரைகுறைச் சூடு. சாப்பாட்டு அறை பனிக்கட்டி. படிப்பறை அடுப்பு. நான் ஆக்சுவேட்டர்களைத் தொட்டுப் பார்த்தேன். மின்சாரம் வந்து ஐந்து நிமிடம் ஆன ஆக்சுவேட்டர் கைக்கு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சமையலறையின் இரண்டில் ஒன்று செத்திருந்தது. படிப்பறை எப்போதும் சூடாக இருப்பதால் அங்கேயும் ஆக்சுவேட்டர் திறந்தபடியே மாட்டிக்கொண்டது என்று முடிவு கட்டினேன். இரண்டையும் மாற்றினேன். சமையலறை லூப் ஒன்றின் ஊசி இறுகியிருந்தது. ஸ்பானரின் தட்டைப் பக்கத்தை வைத்து அமுக்கி அமுக்கி விட்டேன், மேலே வந்தது. அரைமணி நேரத்தில் சமையலறைத் தரை சூடேறத் தொடங்கியது. டாக்டர் வீட்டு அம்மா கொடுத்த காபியைக் குடித்தேன், காசை வாங்கினேன், கிளம்பினேன்.

பத்து நாளில் போன் வந்தது. சமையலறை பழையபடி. படிப்பறை ஜன்னல் திறந்தபடி. “ஊசி போட்டீங்க, காய்ச்சல் இறங்கல” என்றார் டாக்டர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குத்தான் சுருக்கென்றது.

இரண்டாவது முறை போனபோது கருவிப்பெட்டியைத் திறக்காமல் முதலில் கேள்வி கேட்டேன். பாய்லரின் பிரஷர் இறங்குமா? டாக்டர் எழுந்து போய் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். அதில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார்: எத்தனையில் இருந்தது, எத்தனைக்கு ஏற்றினேன். 2019-இல் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 2021-இல் மாதம் ஒரு முறை. இப்போது வாரா வாரம் 0.6 பாரிலிருந்து 1.5-க்கு. பூச்செடிக்குத் தண்ணீர் விடுவதுபோல, ஞாயிற்றுக்கிழமை காலை வேலை அது. என் தொழிலில் எத்தனையோ வீடு பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கேஸ் ஷீட்டை யாரும் கொடுத்ததில்லை. முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும்.

மூடிய சுற்றில் ஓடும் தண்ணீர் ஒரு வகையில் செத்த தண்ணீர். ஆரம்பத்தில் அதில் இருக்கும் ஆக்ஸிஜன் ரேடியேட்டரின் இரும்பைக் கொஞ்சம் தின்றுவிட்டுத் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு அரிப்பு ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால் வாரா வாரம் புதுத் தண்ணீர் ஏற்றினால் வாரா வாரம் புது ஆக்ஸிஜனும் ஏறும். ரெடிங் பக்கம் சுண்ணாம்பு பூமி, கடினமான தண்ணீர். ஆக, கூடவே சுண்ணாம்பும் ஏறும். காற்றுப்போக்கியின் கழுத்தில் சொட்டு சொட்டாகக் கசிந்தது கீழே விழவே இல்லை, சூட்டில் ஆவியாகி உப்பாகப் படிந்தது, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. அந்தச் சின்னக் கசிவுதான் மாடி ரேடியேட்டர்களைத் துருவாகக் கரைத்து, மாக்னடைட் என்ற கறுப்புச் சேறாக்கி, கீழ்த்தள வால்வுகளுக்குள் கொண்டுவந்து அடைத்திருக்கிறது. கண்ணாடி கறுத்தது, ஊசி இறுகியது, பிறகு நான் கண்டுபிடித்தபடி மிக்ஸிங் வால்வு சிக்கியது எல்லாம் ஒரே மூலத்திலிருந்து. நான் முதல் நாள் செய்தது வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுத்த வேலை.

ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து, அடியில் காந்தம் ஒன்றை வைத்துக் காட்டினேன். கறுப்பெல்லாம் காந்தத்துக்கு நேராக மயிர்க்கூச்செறிந்து நின்றது. டாக்டருக்குக் குழந்தை மாதிரி சந்தோஷம். அம்மாவைக் கூப்பிட்டு இன்னொரு தடவை காட்டச் சொன்னார். நீரின் நிறத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்: கறுப்பு என்றால் ஆக்ஸிஜன் குறைவாக இருந்த இடத்தில் உண்டான மாக்னடைட், செம்மண் நிறம் என்றால் ஆக்ஸிஜன் தாராளமாக நுழைகிறது. இங்கே பெரும்பாலும் கறுப்பு, காற்றுப்போக்கி பக்கம் மட்டும் செம்மை.

மூன்று இடத்தில் வெப்பமானியை மாட்டினேன். பாய்லரிலிருந்து வருவது 64. கலந்து தரைக்குப் போவது 33. திரும்புவது 29. மிக்ஸிங் வால்வின் தலையில் 45 என்று வைத்திருந்தார்கள். அதாவது உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ், சூடான பக்கத்தை மூடியபடி சிக்கிவிட்டது. சமையலறை அரைகுறையாகக் கிடந்ததற்கு அது ஒரு காரணம்.

சரி, படிப்பறை ஏன் அடுப்பு? அங்கேதான் எனக்கு அவமானம். ஏழாம் எண் வால்வின் ஊசியை அமுக்கினால் தாராளமாக மேலும் கீழும் போனது. வால்வில் குற்றமே இல்லை. அப்போதுதான் டாக்டர் முதலில் போனில் சொன்னது மண்டையில் ஏறியது: நடுவில் ஒரே ஒரு சுவர். எல்லா தெர்மோஸ்டாட்டையும் இறக்கிவிட்டு, சாப்பாட்டு அறையின் தெர்மோஸ்டாட்டை மட்டும் ஏற்றிவிட்டு அலமாரி முன் உட்கார்ந்தேன். நாலு நிமிடத்தில் எழும்பியது சாப்பாட்டு அறைக்கு உரிய ஆறாம் எண் அல்ல, படிப்பறையின் ஏழாம் எண். ஒன்றரை மணி நேரம் கழித்து வெப்பக் கேமராவைப் பிடித்தால், படிப்பறைத் தரையில் குழாயின் வளைவுகள் மஞ்சள் கோடுகளாகத் தெளிந்து வந்தன.

இரண்டு வயர் மாறிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதன் விளைவை யோசித்துப் பாருங்கள். சாப்பாட்டு அறை குளிருகிறது, சூடு கேட்கிறது. அந்தச் சூடு படிப்பறைக்குப் போகிறது. சாப்பாட்டு அறை மேலும் குளிர்கிறது, மேலும் கேட்கிறது. படிப்பறை வெந்து கொண்டிருப்பதால் அதன் தெர்மோஸ்டாட் வாயே திறப்பதில்லை. எனவே சாப்பாட்டு அறையின் மடை திறப்பதே இல்லை. ஒருவன் பசிக்கு இன்னொருவன் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். ஜன்னலைத் திறந்தால்கூடச் சரியாகாது, சரியாகவும் இல்லை. டாக்டர் நோட்டைப் புரட்டினார்: வயரிங் பெட்டியை மாற்றியது 2016-இல். மாற்றியவர் யாரோ, ஆறையும் ஏழையும் இடம் மாற்றி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும்தான் பார்க்காமல் புது ஆக்சுவேட்டரை மாட்டிவிட்டுக் காசு வாங்கிப் போனேன். அதற்கான தொகையை அன்றே கழித்துக்கொள்ளச் சொன்னேன்.

வயரை மாற்றிப் போட ஐந்து நிமிடம். மிச்சத்துக்குத்தான் முடிவு எடுக்க வேண்டியிருந்தது: பழுது பார்ப்பதா, மொத்தமாக மாற்றுவதா.

நான் பொதுவாக மாற்றச் சொல்கிறவன் அல்ல. பித்தளைக் கட்டை நன்றாக இருந்து, உள்ளே இருக்கும் வால்வு இன்ஸர்ட்டுக்கும் கண்ணாடிக்குழலுக்கும் உதிரி கிடைத்தால், அவற்றை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடுவேன். ஆக்சுவேட்டர் மாட்டும் மரை பெரும்பாலான தயாரிப்புகளில் 30 மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் புரி. வேறு கம்பெனியின் ஆக்சுவேட்டரும் மாட்டும், ஊசியின் உயரம் மட்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் இடையில் ஒரு அடாப்டர் வளையம். இறுகிய ஊசியை விடுவிக்கத் தெரியாதவர்கள் செய்யும் இரண்டு தப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிளையரால் பிடித்து இழுக்காதீர்கள். ஊசி கையோடு வந்துவிட்டால் அலமாரிக்குள் ஃபவுண்டன்தான். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஓ-ரிங் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர், கனிம எண்ணெய் பட்டால் அது ஊதிப்போகும். அன்றைக்கு ஊசி ஆடும், அடுத்த மாதம் ஒழுகும். சிலிகான் கிரீஸ் ஒரு துளி போதும்.

இந்த வீட்டில் அந்தச் சலுகைக்கு இடமில்லாமல் போனது. ஏழில் மூன்று ஊசிகள் இறுகல், அதில் ஒன்று அமுக்கினால் திரும்பி எழும்பவே இல்லை. ஒரு கண்ணாடிக்குழலைத் திருகப் போனேன், விரல் பட்டதுமே கீறல் விட்டது. மிக்ஸிங் வால்வின் கார்ட்ரிட்ஜ் அந்த மாடலுக்கு இப்போது வருவதில்லை. பம்பின் இரு பக்கமும் உள்ள அடைப்பு வால்வுகள் திருகினால் சுழன்றன, அடைக்கவில்லை. இத்தனையும்கூடச் சமாளிக்கலாம். காற்றுப்போக்கியின் கழுத்தில் இருந்த உப்பைச் சுரண்டினேன். அடியில் பித்தளையின் மஞ்சளுக்குப் பதிலாகச் செம்பின் இளஞ்சிவப்பு தெரிந்தது. பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறிவிட்டால் மிஞ்சுவது பஞ்சுபோன்ற செம்பு; பார்க்க உலோகம், பிடிக்க ரொட்டி. மரை உதிர்ந்தது. கட்டையே போன பிறகு வால்வைப் பற்றி என்ன பேச்சு?

“தரையை உடைக்கணுமா?” என்று அம்மா கேட்டார். இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும். வேண்டியதில்லை. தரைக்குள் இருக்கும் குழாய் ஐம்பது ஆண்டுக் கணக்கில் வடிவமைக்கப்படுவது. சுவரில் தொங்கும் ரப்பர், பிளாஸ்டிக், மெழுகு எல்லாம் பதினைந்து இருபது ஆண்டில் தளர்ந்துவிடும். துடைத்துப் பார்த்தபோது குழாயின் மேல் அச்சு தெளிவாகவே இருந்தது: 16 பெருக்கல் 2, குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன், டிஐஎன் 4726. கடைசி எண் முக்கியம். குழாய்ச் சுவர் வழியே ஆக்ஸிஜன் ஊடுருவாதபடி தடுப்பு அடுக்கு உள்ள குழாய் என்பதற்கு அடையாளம் அது. ஜெர்மனியில் எழுபது, எண்பதுகளில் போட்ட தரைக் குழாய்கள் பலவற்றில் இந்தத் தடுப்பு கிடையாது. அங்கே எந்தக் கசிவும் இல்லாமலே குழாய்ச் சுவர் வழியாக ஆக்ஸிஜன் நுழைந்து இரும்பைத் தின்னும். அப்படிப்பட்ட வீட்டில் மேனிஃபோல்டை மாற்றி மட்டும் பயனில்லை, தகட்டு வெப்பமாற்றி வைத்துத் தரைச் சுற்றை இரும்புப் பக்கத்திலிருந்து பிரிக்க வேண்டும். இங்கே அந்தச் செலவு மிச்சம்.

பாகங்களுக்கு மட்டும் 900 பவுண்டுக்குப் பக்கத்தில், கூலி தனி. டாக்டர் ஒரு இரவு யோசித்துவிட்டுச் சரி என்றார்.

2024 ஜனவரியில் வேலை. ஒரு வாரம் முன்பே சுற்றில் கிளீனர் ஊற்றி, மாடி ரேடியேட்டர்கள் வழியாக ஓடவிட்டிருந்தேன். புது மேனிஃபோல்டை மாட்டிவிட்டுச் சுத்தம் செய்யலாம் என்று நினைப்பது, வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு ஒட்டடை அடிக்கிற கதை. அதுவும் இப்போதைய பம்புகளின் சுழலிக்குள் நிரந்தரக் காந்தம் இருக்கிறது. மாக்னடைட்டுக்கு அதைவிட நல்ல வாசஸ்தலம் கிடையாது. ‘பழைய பம்ப் இருபது வருசம் ஓடுச்சு, புதுசு ரெண்டு வருசத்துல போச்சு’ என்ற புலம்பலுக்குப் பின்னால் பல வீடுகளில் இதுதான் இருக்கிறது.

தண்ணீரை இறக்கும் முன் ஒவ்வொரு குழாயிலும் துணி டேப் ஒட்டி, மார்க்கரால் அறையின் பெயரும் போகிறதா வருகிறதா என்பதும் எழுதினேன், போட்டோ எடுத்தேன். பழைய லேபிள்களை நம்பவில்லை. ஆறும் ஏழும் கற்றுக்கொடுத்த பாடம். தரையிலிருந்து எழும் குழாய்களில் மிகக் குட்டையானது எவ்வளவு என்று அளந்தேன்: 31 சென்டிமீட்டர். வெட்டும்போது ஒவ்வொன்றிலும் இரண்டு சென்டிமீட்டர் போகும். புது மேனிஃபோல்டை எந்த உயரத்தில் தொங்கவிடுவது என்பதை அந்தக் குட்டைக் குழாய்தான் தீர்மானிக்கும், நாம் அல்ல. இன்னொன்று: பழையதில் போகும் கட்டை மேலே, புதியதில் பெட்டியைத் திறந்தால் போகும் கட்டை கீழே. அப்படியே மாட்டினால் பதினான்கு குழாய்களும் ஒன்றையொன்று குறுக்காகத் தாண்ட வேண்டும். கட்டைகளைத் தாங்கியிலிருந்து கழற்றி மேலும் கீழுமாக மாற்றி மாட்டிக்கொண்டேன். பெரும்பாலான தயாரிப்புகள் இதற்கு இடம் கொடுக்கின்றன, வாங்கும் முன் பார்த்துவிட வேண்டும்.

குழாயை வெட்டும்போதுதான் அடுத்த வெடி. ஆறு லூப்பும் 16 மில்லிமீட்டர். படிப்பறையின் குழாய் வெர்னியரில் 15. 2005-இல் சேர்த்தவர்கள் வேறு குழாயை, பாலிபியூட்டிலீனை, போட்டிருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர்தானே என்று 16-க்கான இணைப்பைப் போட்டு இறுக்கினால் அன்றைக்குப் பிடிக்கும், என்றைக்கோ ஒரு ராத்திரி கழன்றுகொள்ளும். சரியான இணைப்பு கடையில் இல்லை, மறுநாள்தான் வரும் என்றார்கள். ஒன்றரை நாள் வேலை இரண்டு நாள் ஆனது இதனால்தான். மாடியில் ரேடியேட்டர் ஓட வழி செய்துவிட்டுப் போனேன். அன்று இரவு அவர்கள் கீழே கம்பளி போர்த்திக்கொண்டு டிவி பார்த்திருக்கிறார்கள்.

புது மேனிஃபோல்டில் பழைய சேறு ஏறக் கூடாது என்பதால், அதை மாட்டும் முன்பே ஒவ்வொரு குழாய் முனையிலும் நேரடியாக ஹோஸைப் பிணைத்து லூப் லூப்பாகக் கழுவினேன். ஏழு லூப்பும் சேர்ந்து 540 மீட்டர். இந்தக் குழாயில் மீட்டருக்கு 0.11 லிட்டர், ஆக மொத்தம் 60 லிட்டர்தான் உள்ளே இருக்கும். ஆனால் அது தெளிய அதைப்போலப் பல மடங்கு தண்ணீர் வேண்டியிருந்தது. முதலில் மை, பிறகு கட்டஞ்சாயா, பிறகு வெறும் தண்ணீர். கழிவு நீரை மழைநீர் வடிகாலில் விடவில்லை, அது நேராக ஓடைக்குப் போய்ச் சேரும். சாக்கடைக் குழாயில்தான் விட வேண்டும். சமையலறையின் இரண்டாவது லூப் மட்டும் நூல்போல ஒழுகியது. ஹோஸைத் திருப்பிப் போட்டு எதிர்த்திசையில் தண்ணீரை விட்டேன். சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு முக்கல், ஒரு துப்பல், கண்மையைக் குழைத்ததுபோல ஒரு கட்டி வெளியே விழுந்து, பின்னாலேயே தண்ணீர் பாய்ந்தது. சமையலறை ஏன் பத்தே நாளில் பழையபடி ஆனது என்பதற்கு மீதிக் காரணம் பக்கெட்டில் கிடந்தது.

மாட்டுவது பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. குழாயைச் செங்குத்தாக வெட்டுவது, உள்விளிம்பைச் சீவி வட்டமாக்குவது, நட்டு, பிளந்த வளையம், உள்செருகி, இரண்டு ஸ்பானர், குழாய் முறுகாமல் இறுக்குவது. உள்விளிம்பைச் சீவாமல் செருகினால் ஓ-ரிங் வெட்டுப்படும். அதுதான் புது வேலையில் வரும் கசிவுக்கு முதல் காரணம். பாய்லர் பக்கத்தை அடைத்துவிட்டுக் கைப்பம்பால் 4 பார் வரை ஏற்றினேன். பாய்லரின் பாதுகாப்பு வால்வு 3 பாரில் திறந்துவிடும் என்பதால் அதைப் பிரிக்காமல் இந்தச் சோதனை செய்ய முடியாது. முள் முதலில் கொஞ்சம் இறங்கியது. பிளாஸ்டிக் குழாய் விரிந்து கொடுப்பதால் அப்படித்தான் இருக்கும், பதற வேண்டாம். மறுபடி ஏற்றினேன், நின்றது. திரும்பும் வழியில் காந்த ஃபில்டர், சுற்றில் அரிப்புத் தடுப்பான். தரைவெப்பம் குறைந்த சூட்டில் ஓடுவதால் கிருமி வளராமல் இருக்க அதற்கான மருந்தும் சேர்த்தேன். 2019-இல் திருத்திய பிரிட்டிஷ் தரவிதி 7593 ஃபில்டரையும் தடுப்பானையும் எதிர்பார்க்கிறது. வேகம் அதிகமானால் பம்பை நிறுத்தும் கட்டுப்பாடு ஏதும் இல்லையா என்று டாக்டர் கேட்டார். வேகத்துக்கு அல்ல, சூட்டுக்கு உண்டு: மிக்ஸிங் வால்வு கெட்டுப்போய் 65 டிகிரி தரைக்குள் இறங்கினால் ஸ்க்ரீட் வெடிக்கும், மரத்தரை வளையும். எனவே 55-இல் பம்பை நிறுத்தும் சுவிட்சைத் தனியாக வயர் செய்து, வேண்டுமென்றே சூட்டை ஏற்றி அது வெட்டுகிறதா என்று பார்த்தேன்.

கடைசியாக, மடை திருத்துவது. பலர் இதைச் செய்வதில்லை. எல்லாக் கண்ணாடியையும் முழுக்கத் திறந்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஆற்றில் தண்ணீர் வந்தும் கடைமடை காய்வது ஏன் என்று டெல்டாக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீருக்கு எது குறுகிய வழியோ அதில்தான் போகும். நடைக்கூடத்தின் லூப் 45 மீட்டர், சமையலறையின் லூப்கள் 90 மீட்டர். எல்லாம் திறந்திருந்தால் நடைக்கூடம் குடித்துவிட்டு மிச்சத்தைத்தான் கொடுக்கும்.

கணக்கு கடினமல்ல. தண்ணீர் தரைக்குள் போய்வரும்போது 7 டிகிரி இழக்கிறது என்று வைத்தால், ஒரு கிலோவாட் வெப்பத்துக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 லிட்டர் ஓட வேண்டும். இந்த வீட்டின் காப்புத் தரத்துக்குச் சதுர மீட்டருக்கு 60 வாட் என்று எடுத்துக்கொண்டேன். சமையலறை 32 சதுர மீட்டர், லூப்புக்கு 16. அதாவது 960 வாட், நிமிடத்துக்கு 2 லிட்டர். நடைக்கூடம் 8 சதுர மீட்டர், 1 லிட்டர். படிப்பறை 12, ஒன்றரை லிட்டர். சாப்பாட்டு அறை 15, இரண்டுக்குக் கொஞ்சம் கீழே. ஆக்சுவேட்டர்களை எல்லாம் கழற்றி வால்வுகளை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு, நீளமான லூப்பை முழுசாகத் திறந்துவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாக நெரித்தேன். ஒன்றைத் தொட்டால் மற்றது ஆடும். மூன்று சுற்றுப் போனால் நிற்கும். கலந்த நீர் 42 டிகிரி. பழைய பம்ப் 90 வாட் தின்றுகொண்டிருந்த இடத்தில் புதியதன் திரை 24 காட்டியது.

கனமான தரை உடனே பேசாது. மறுநாள் காலை போய் அளந்தேன்: போவது 42, வருவது 35. சமையலறை 21. சாப்பாட்டு அறை 20.5. அம்மா அங்கே வெறுங்காலோடு நின்று ஒரு தடவை இடம் மாறி இடம் மாறி மிதித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய் இட்லி எடுத்துவந்தார்.

2024 அக்டோபரில், குளிர்காலம் ஆரம்பிக்கும் முன், தடுப்பானின் அளவைச் சோதிக்கப் போனேன். ஃபில்டரைக் கழற்றினால் காந்தத்தில் ஒரு தேக்கரண்டிக் கறுப்பு. எதிர்பார்த்ததுதான், மாடி ரேடியேட்டர்களின் பாக்கி. நோட்டுப் புத்தகத்தில் பிப்ரவரியிலிருந்து ஒரே எண்: 1.4, 1.4, 1.3, 1.4. ஞாயிற்றுக்கிழமை வேலை போய்விட்டதே என்று டாக்டருக்குச் சின்ன வருத்தம்கூட இருந்ததுபோலத் தெரிந்தது. ஏழு ஊசிகளையும் அமுக்கிப் பார்த்தேன், ஏழும் எழும்பின.

“எல்லாம் சரி தம்பி. ஆனா படிப்பறை முன்ன மாதிரி இல்ல. குளிருது.”

போய்ப் பார்த்தேன். தெர்மோஸ்டாட் 20 என்று வைத்திருந்தது, அறை 20 இருந்தது. மேசைக்குக் கீழே, சாப்பாட்டு அறையில் ஓடிக்கொண்டிருந்த அதே ஃபேன் ஹீட்டர்.

“ஏழு வருசம் 26-ல உக்காந்து படிச்சிருக்கீங்க டாக்டர்” என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப 23 வைங்க” என்றார். வைத்தேன்.